ஊர்த் திருவிழாவும் ஊராட்சிப் பணமும்: கை இறுக்கமான ஆண்டில் எதை முதலில் செய்வது

புதிதாகப் பொறுப்புக்கு வரும் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், செயலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சிகளிலும் வேலை இதேதான். கையெழுத்துப் போடுபவர் மட்டும் வேறு.

பதினேழு ஆண்டுகள் ஊராட்சி செயலராக இருந்தேன். திருவிழாச் செலவில் சிக்கிய தலைவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பணத்தைக் கையாடியவர் ஒருவர்கூட இல்லை. ஊர் கேட்டது, மனம் இளகிச் செய்தார்கள், வரிசையை மாற்றிச் செய்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு, செலவை ஏற்க முடியாது என்று தணிக்கையாளர் எழுதும் தணிக்கைத் தடை வந்தபோது, 'ஊருக்காகத்தானே செய்தேன்' என்று என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கண் கலங்கியவர்களும் உண்டு.

மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பங்குனிப் பொங்கல், தைப் பொங்கல் விளையாட்டு விழா எதுவானாலும் படிகள் மாறாது.

தொடங்கும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

ரொக்கப் புத்தகம், மூன்று வங்கிக் கணக்குகளின் இன்றைய இருப்பு, இன்னும் பணம் கொடுக்காத பில்களின் பட்டியல், சென்ற ஆண்டுத் திருவிழாச் செலவுச் சீட்டுகள், தீர்மானப் புத்தகம். இவற்றோடு விழாக் குழுவில் கணக்கு எழுதுபவர் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழுவில் சத்தமாகப் பேசுபவர் ஒருவராக இருப்பார், கணக்கு எழுதுபவர் வேறொருவராக இருப்பார். உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

1. ஊர்க்கூட்டத்துக்கு முன்பே கையிருப்பைக் கணக்கிடுங்கள்

காப்புக் கட்டு தேதி குறிக்க ஊர் கூடும்போது, 'ஊராட்சி எவ்வளவு தரும்?' என்று யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் வாயில் வருகிற தொகைதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும். எனவே கூட்டத்துக்கு முந்தின நாளே கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பொது நிதிக் கணக்கில் 2,80,000 ரூபாய் இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்குக் குடிநீர்த் தொட்டி இயக்குநர், தூய்மைப் பணியாளர் ஊதியம் 96,000. கொடுக்க வேண்டிய பழைய பில் 65,000. மோட்டார் எரிந்தால் மாற்ற 40,000. தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் 24,000. ஆகக் கூட்டினால் 2,25,000. மீதி 55,000.

அந்த 55,000-ஐயும் விழாவுக்கு ஒதுக்கலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஆடி முடிந்ததும் மழை தொடங்கும். வாய்க்கால் அடைப்பு, காய்ச்சல், கொசு மருந்து என்று செலவு வரிசைகட்டி வரும். மீதியில் பாதிக்கு மேல் தொடாதீர்கள். இந்த எடுத்துக்காட்டில் விழாவையொட்டிய செலவுக்கு 25,000 ரூபாய்தான். கூட்டத்தில் அந்தத் தொகையையே சொல்லுங்கள். எப்படி வந்தது என்ற தாளையும் கையில் வைத்திருங்கள். தாளைக் காட்டிச் சொல்லும் சிறிய தொகையை ஊர் ஏற்றுக்கொள்கிறது. தாள் இல்லாமல் சொல்லும் பெரிய தொகையைக்கூடச் சந்தேகப்படுகிறது.

2. விழாச் செலவை இரண்டு தாளில் எழுதுங்கள்

ஒரு தாளின் தலைப்பு 'குழு', இன்னொன்றின் தலைப்பு 'ஊராட்சி'. சாமி அலங்காரம், பூசாரிக்குச் சம்பளம், மேளம், கரகாட்டம், பந்தல், சீரியல் விளக்கு, வாணவேடிக்கை, அன்னதான அரிசி எல்லாம் குழுவின் தாளில். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரியும் நன்கொடையும் இவற்றுக்குத்தான் வசூலாகின்றன.

குடிநீர், கழிப்பறை, குப்பை, வடிகால், தெருவிளக்கு, பாதையில் இருக்கும் பள்ளம், கூட்டத்துக்கான ஒழுங்கு ஆகியவை ஊராட்சியின் தாளில்.

ஏன் இப்படி? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 110-இல் சாலை, விளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர் ஆகியவற்றைக் கிராம ஊராட்சியின் கடமைகளாகச் சொல்கிறது. சந்தைகளையும் திருவிழாக்களையும் ஒழுங்குபடுத்துவது பிரிவு 111-இல் வருகிறது. அது செய்யலாம் என்ற அதிகாரம், கடமை அல்ல. ஒழுங்குபடுத்துவது என்றால் விழாவை நடத்துவது என்று பொருளும் ஆகாது. பணம் குறைவாக இருக்கும்போது 110 முதலில், 111 பிறகு. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுபவர்களில் அந்தச் சாமியைக் கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பணத்தில் பூசைக்குச் செலவு செய்யக்கூடாது. ஆனால் அவர்கள் தெருவழியாகத் தேர் போகிறது, அவர்கள் வீட்டுக் குழாயிலும் அன்றைக்குத் தண்ணீர் வர வேண்டும். ஊராட்சியின் தாளில் உள்ளது எல்லாருக்கும் போய்ச் சேரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்பு மக்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. தேர் அந்தத் தெருவுக்குப் போகாது என்பார்கள். கோயிலில் எல்லாரும் நுழையும் உரிமையை 1947-லேயே சட்டம் தந்துவிட்டது. தீண்டாமையை அரசமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அப்படிப்பட்ட விழாவுக்கு ஊராட்சியின் பெயரை நோட்டீசில் போட அனுமதிக்காதீர்கள். கூடுதல் விளக்கும் கூடுதல் டேங்கரும் அந்தக் குடியிருப்புக்கு முதலில் போகட்டும். நான் வேலை பார்த்த ஓர் ஊராட்சியில், விழா நாளில் மேல்தெருவில் தண்ணீர் வழிந்து ஓட, காலனித் தெருக் குழாயில் ஒரு பெண் ஒரு மணி நேரமாகக் காலிக் குடத்தோடு நின்றதைப் பார்த்தேன். வால்வைத் திறக்க வேண்டியவர் சாமி ஊர்வலத்தில் இருந்தார். அதன் பிறகு வால்வு திறக்கும் நேரத்தையும் தாளில் எழுதத் தொடங்கினேன்.

3. எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?

பொதுவாக, பொது நிதி இருக்கும் முதல் கணக்கிலிருந்துதான். மின் கட்டணத்துக்கான இரண்டாம் கணக்கையும், திட்ட நிதி இருக்கும் மூன்றாம் கணக்கையும் 'பிறகு திருப்பிப் போட்டுவிடலாம்' என்ற எண்ணத்தில் தொடாதீர்கள். திருப்பிப் போடும் நாள் வரவே வராது.

மத்திய நிதிக்குழு மானியத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குத் தந்த ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் ஊதியத்துக்கு எடுக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அரசமைப்பின் 11-ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் பண்பாட்டு நிகழ்ச்சிகளும் இருக்கின்றனவே என்று ஒரு தலைவர் என்னிடம் வாதிட்டார். இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஆண்டுத் திட்டத்தில் எழுதி ஒப்புதல் பெறாத எதையும் அந்தப் பணத்தில் செய்ய முடியாது. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த வழி இல்லை.

4. வாங்குவதற்கு முன்பே தீர்மானம்

இதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். முதலில் டேங்கருக்குச் சொல்லிவிடுவார்கள், விழா முடிந்தபின் தீர்மானம் எழுதுவார்கள், அதற்குப் பழைய தேதி போடுவார்கள். டேங்கர் பில்லின் தேதி தீர்மானத் தேதிக்கு முன்னால் இருக்கும். அந்த ஒரு முரண் போதும், மொத்தச் செலவும் தடையில் நிற்கும். செலவை ஏற்க முடியாது என்று முடிவானால் கையெழுத்திட்டவர் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டி வரும்.

காப்புக் கட்டுக்கு ஆறு வாரம் முன்பே ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் முடிந்திருக்கட்டும். அதற்கும் முன்னால் கிராம சபையில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆண்டில் ஆறு கிராம சபைகள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆடி விழாவுக்கு மே 1, பங்குனி விழாவுக்கு ஜனவரி 26, தைப் பொங்கலுக்கு நவம்பர் 1 என்று பொருத்திக்கொள்ளலாம்.

தீர்மானத்தின் வாசகத்தில் கவனம் தேவை. 'மாரியம்மன் கோயில் திருவிழாச் செலவினத்துக்கு ரூ.25,000 அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினால், எதற்கு என்ற கேள்விக்கு விடை இல்லை. இப்படி எழுதுங்கள்: 'ஆடி மாதம் ஊரில் கூடும் பொதுமக்களின் சுகாதாரத்துக்காக, 4 நாள்களுக்கு, கூடுதல் குடிநீர் 8 டேங்கர் நடை, தற்காலிகக் கழிப்பறை 4, தூய்மைப் பணிக்குக் கூடுதல் ஆள் 6 பேர், பிளீச்சிங் பவுடர் 50 கிலோ ஆகியவற்றுக்கு ரூ.25,000-க்கு மிகாமல் பொது நிதியிலிருந்து செலவிடத் தீர்மானிக்கப்படுகிறது.' அளவு, நாள், காரணம், உச்ச வரம்பு, கணக்கு என ஐந்தும் அதில் இருக்கின்றன.

5. எப்படியும் செய்ய வேண்டிய பணிகளை விழாவுக்கு முன்னால் கொண்டுவாருங்கள்

கை இறுக்கமான ஆண்டில் எனக்கு மிகவும் உதவிய வழி இதுதான். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது.

எரியாத தெருவிளக்குகளை எப்படியும் மாற்றப் போகிறீர்கள். மழைக்கு முன் வடிகால் தூர் வாரப் போகிறீர்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவப் போகிறீர்கள். ஊரணிக் கரையில் கருவேல முள்ளை வெட்டப் போகிறீர்கள். இவற்றையெல்லாம் காப்புக் கட்டுக்கு முந்தின இரண்டு வாரத்துக்குள் வருமாறு நாள் குறியுங்கள். தேரோடும் வீதி, கோயிலைச் சுற்றிய தெரு, பஸ் நிற்கும் இடம், காலனிக்குப் போகும் பாதை என்று வரிசை போடுங்கள்.

ஊருக்கு விழா முகம் வந்துவிடும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வந்து இறங்கும்போது தெரு சுத்தமாக, விளக்கு எரிந்துகொண்டு இருக்கும். கணக்கில் அது வழக்கமான பராமரிப்பாகவே இருக்கும், ஏனென்றால் அது வழக்கமான பராமரிப்புதான்.

ஒரே எச்சரிக்கை: முன்னால் செய்த பணியை விழா முடிந்து மறுபடி பில் போடாதீர்கள். தூர் வாரிய தேதியைப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள்.

6. தண்ணீர்

முதலில் எத்தனை பேர் என்று மதிப்பிடுங்கள். விழா நாளில் தலைக்கு 5 லிட்டர், அன்னதானம் இருந்தால் 10 லிட்டர் என்று நான் கணக்குப் போடுவேன். 2,000 பேர் கூடினால், அன்னதான நாளில் 20,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் நான்கு நடை. இது வீடுகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதற்கு மேல் வேண்டியது. வீட்டுக் குழாயை நிறுத்திவிட்டு விழாப் பந்தலுக்குத் திருப்பினால், விழாவுக்கு வந்த விருந்தினர்களுக்குச் சமைக்க வீடுகளில் தண்ணீர் இருக்காது.

மேல்நிலைத் தொட்டியை மூன்று நாள் முன்பே கழுவி, கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் எழுதச் சொல்லுங்கள். குளோரின் கலப்பது 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவது தவறு. ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டை திறந்து நாளாகிவிட்டால் பவுடரில் வீரியம் இருக்காது. எனவே புதிய மூட்டை வாங்குங்கள்.

பிறகு சோதிக்க வேண்டிய இடம் தொட்டி அல்ல, தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கடைசிக் குழாய். அங்கே பிடித்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருந்தால் போதும். சோதனைக் கருவி சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும். டேங்கர் தண்ணீரையும் இறக்குவதற்கு முன் சோதியுங்கள். ஓர் ஆண்டு விவசாயக் கிணற்றிலிருந்து வந்த டேங்கரைச் சோதிக்காமல் விட்டோம். மறுநாள் காலையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆறு குழந்தைகளைத் தாய்மார் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினார்கள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காலையை என்னால் மறக்க முடியவில்லை. தவறு என்னுடையதும்தான்.

7. மின்சாரம்

பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டியது விழாக் குழு. மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்து முன்பணம் கட்ட வேண்டும். 'இரண்டு நாள்தானே' என்று தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடுவார்கள். அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் திருட்டு. மேலும் அந்தத் தெருவிளக்கு மீட்டரின் கட்டணம் ஊராட்சியின் தலையில் விழுகிறது. ஊராட்சி ஒரு தீர்மானமும் போடாமலேயே சீரியல் விளக்குக்குப் பணம் கட்டிவிட்டது என்று பொருள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் உயிர். ஆடிக் காற்றில் கொக்கி வயர் அறுந்து ஈரத் தரையில் விழும். கூழ் ஊற்றும் இடத்தில் தரை எப்போதும் ஈரம்தான். தற்காலிக இணைப்பின் ரசீது நகலைக் குழு கொடுத்த பிறகே ஊராட்சி மைதானத்தைப் பயன்படுத்தும் அனுமதிக் கடிதத்தைத் தாருங்கள். வரிசையை இப்படி வைத்தால் தகராறு இல்லாமல் வேலை நடக்கும்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியும் குழுவின் பொறுப்பு. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி.

8. தூய்மைப் பணியாளர்கள்

விழாவில் மேடை ஏறுகிறவர்களுக்குப் பொன்னாடை போடுவார்கள். மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு எச்சில் இலையும் வெடிக் காகிதமும் மிதிபட்டுக் கிடக்கும் தெருவில் துடைப்பத்தோடு நிற்பவர்கள் மூன்று பேர். ஊருக்கே விடுமுறையாக இருக்கும் நாளில் அவர்களுக்கு மட்டும் இரட்டை வேலை. செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவது அவர்களுடைய கூடுதல் கூலிதான். தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள்.

கூடுதல் ஆள்களைத் தீர்மானத்திலேயே சேருங்கள். கையுறை, முகக்கவசம், காலணி விழாவுக்கு முன்பே கையில் இருக்கட்டும். கூலியை விழா முடிந்த மூன்றாம் நாளுக்குள் கொடுத்துக் கையொப்பப் பட்டியல் வாங்குங்கள். தற்காலிகக் கழிப்பறைத் தொட்டியில் எந்த மனிதரையும் இறக்கக்கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. உறிஞ்சும் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

குப்பையைக் குறைக்கும் வேலை அன்னதானப் பந்தலில் தொடங்குகிறது. சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட் ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் இருந்தால் மறுநாள் குப்பை பாதியாகும். அனுமதிக் கடிதத்தில் இதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள்.

9. விழாவிலிருந்து வரவு

ராட்டினம், வளையல் கடை, பஞ்சுமிட்டாய், பொம்மைக் கடை எல்லாம் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஊராட்சி நிலத்தில் நின்றால் தரைவாடகை ஊராட்சிக்கு வர வேண்டும். பல ஊர்களில் யாரோ ஒருவர் வசூலித்துவிட்டுப் போகிறார். முன்கூட்டியே அறிவித்து வெளிப்படையாக ஏலம் விட்டால், சிறிய ஊரில்கூடக் கழிப்பறைச் செலவு அதிலேயே வந்துவிடும்.

கோயில் நிலத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் வசூலிக்க உங்களுக்கு உரிமை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சரிபார்த்த பிறகே ஏல அறிவிப்பை ஒட்டுங்கள். தரையில் சாக்கு விரித்துப் பூ விற்கும் பாட்டியிடம் வாடகை வாங்கக்கூடாது என்று ஏல நிபந்தனையில் எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதினோம், ஏலத்தொகை குறையவில்லை.

10. விலைப்புள்ளியும் பில்லும்

சிறிய தொகையானாலும் மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருக்கக்கூடாது; தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். வார்டு உறுப்பினர் டிராக்டர் வைத்திருந்தால் அதை எடுக்காதீர்கள். ஊராட்சி ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பது தகுதியிழப்பு வரை போகும்.

டேங்கர் நடைகளுக்கு ஒரு சிறு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இறக்கிய இடம், அந்தத் தெருக்காரர் ஒருவரின் கையொப்பம். எட்டு நடை வந்து பத்து நடைக்குப் பில் வருவது வழக்கமாக நடப்பது. அந்த நோட்டு இருந்தால் வாக்குவாதமே வேண்டாம்.

விழா முடிந்த பிறகு குழுவிலிருந்து பெரியவர் ஒருவர் வருவார். "தலைவரே, பந்தல்காரருக்கு ஆறாயிரம் குறைகிறது. தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அந்தக் கோரிக்கையும் பேராசையில் வந்தது இல்லை. "ஐயா, பந்தல் குழுவின் தாளில் இருக்கிறது. ஊராட்சித் தாளில் கை வைத்தால் அடுத்த ஆண்டு டேங்கருக்கே வழியில்லாமல் போய்விடும்" என்று இரண்டு தாளையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டாம் படியில் சொன்ன தாள்கள் இந்த நாளுக்காகத்தான். முடிந்தால் உங்கள் கைப்பணத்திலிருந்து நன்கொடையாகக் கொடுங்கள், குழுவின் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

11. ஒரு வாரத்துக்குள் கணக்கை ஒட்டுங்கள்

ஒரே பக்கம். இடப்பக்கம் தீர்மானித்த தொகை, வலப்பக்கம் செலவான தொகை, கீழே தரைவாடகை வரவு. ஊராட்சி அலுவலகச் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். ரேஷன் கடைச் சுவரிலும் பால் சொசைட்டிச் சுவரிலும் ஒட்டுங்கள், ஏனென்றால் பெண்கள் வருவது அங்கேதான். பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அடுத்த கிராம சபையில் அதே தாளை வாசியுங்கள்; ஆடி விழாவுக்கு ஆகஸ்ட் 15 நெருக்கமாக வந்துவிட்டால் அக்டோபர் 2-இல்.

பிறகு இன்னொரு தாள், இது சுவருக்கு அல்ல, கோப்புக்கு. எந்த நாளில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, எத்தனை நடை போதவில்லை, எந்தக் கம்பத்தில் விளக்கு அணைந்தது, கழிப்பறை எங்கே வைத்ததால் பெண்கள் போகத் தயங்கினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் கோப்பில் ஒரு செயலர் எனக்கு முன்பே எழுதிவைத்த வரி ஒன்று இருந்தது: 'கழிப்பறைப் பக்கம் விளக்கு போடவில்லை, பெண்கள் ஊரணிக்கரைக்கே போனார்கள்.' அவரை நான் பார்த்ததில்லை. மறு ஆண்டு அந்தக் கழிப்பறைகளைக் கோயிலுக்குப் பின்புறத்திலிருந்து பள்ளிக்கூடச் சுவரோரம் மாற்றி, இரண்டு விளக்கு போட்டோம்.